பியூசிங்கன்: சுவிட்சர்லாந்து நிலத்தின் நடுவே ஒரு ஜெர்மன் ஊராட்சி எப்படித் தங்கிவிட்டது?

எல்லைக்கல் (பதிவு 1)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் தென்கோடியில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் கொன்ஸ்டான்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த பியூசிங்கன் என்ற சிற்றூராட்சியைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். ஏறத்தாழ 1,500 பேர் வாழும் இவ்வூரின் பரப்பு 7.6 சதுர கிலோமீட்டர்தான். ரைன் ஆற்றின் வடகரையில், ஷாஃப்ஹவுசன் நகரத்துக்குக் கிழக்கே, வயலும் காடுமாக அமைந்திருக்கிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை நிலப்படத்தைப் பாருங்கள். ஊரின் நாற்புறமும் சுவிட்சர்லாந்து. மேற்கும் வடக்கும் கிழக்கும் ஷாஃப்ஹவுசன் மாநிலத்துக்கு உரியவை. தெற்கே ஆற்றைக் கடந்தால் சூரிச், துர்காவ் ஆகிய மாநிலங்களின் நிலம். தாய்நாடான ஜெர்மனி மிக நெருங்கி வரும் இடத்தில் கிழக்கே சுமார் 700 மீட்டர் தொலைவில் இருந்தாலும், அங்கே போய்ச்சேர டோர்ஃப்லிங்கன் என்ற சுவிஸ் ஊரின் நிலத்தைத் தாண்டியாக வேண்டும்.

இந்த அமைப்புக்குக் காரணமாக எங்கும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 1693இல் பியூசிங்கனின் ஆண்டையான எபர்ஹார்ட் இம் தூர்ன் என்பவரை அவருடைய உறவினர்களே கடத்திச்சென்று ஷாஃப்ஹவுசன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு ஆயுள்சிறை விதிக்கப்பட்டது. ஊரின் மேலாட்சி உரிமையைக் கொண்டிருந்த ஆஸ்திரியா இதனால் சினமுற்று, "இவ்வூரை ஷாஃப்ஹவுசனுக்கு ஒருநாளும் தருவதில்லை" என்று முடிவெடுத்தது என்பது அந்தக் கதை. ஒரு மனிதரின் கைது முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாட்டின் எல்லையை நிர்ணயித்திருக்கிறது என்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ரைன்கரை (பதிவு 2)

நான் இருபது ஆண்டுகளாகச் சுவிட்சர்லாந்தில் வசிக்கிறேன். வரலாற்றுக் கேள்விக்கு வேறு நண்பர்கள் பதில் தருவார்கள் என்று நம்புகிறேன். ஊரை நேரில் பார்த்தவள் என்ற முறையில் அதன் தோற்றத்தை மட்டும் சொல்கிறேன்.

ஷாஃப்ஹவுசனிலிருந்து ரைனின் வடகரையை ஒட்டி மிதிவண்டியில் கிழக்கே புறப்பட்டால், எந்த இடத்தில் ஜெர்மனிக்குள் நுழைந்தோம் என்பதே தெரியாது. தடுப்புக் கம்பமோ சுங்கச் சாவடியோ கிடையாது. ஊர்ப்பெயர்ப் பலகை ஜெர்மன் முறைப்படி மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கண்ட பிறகுதான் நாடு மாறிவிட்டது என்று உணர்வோம். ஊராட்சியின் எல்லை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதன்மீது 123 எல்லைக்கற்கள் நிற்கின்றன. ஒரு உணவகத்தின் தோட்டத்தின் ஊடாகவே அந்தக் கோடு செல்வதால், ஒரே வேளையில் உண்பவர்களுள் சிலர் ஜெர்மனியிலும் சிலர் சுவிட்சர்லாந்திலும் அமர்ந்திருப்பார்கள். முதல்முறை போனபோது நானும் எல்லாரையும் போலக் கோட்டின் இருபுறமும் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

அஞ்சல் குறியீட்டு எண்கள் இரண்டு: ஜெர்மனியிலிருந்து எழுதினால் 78266, சுவிட்சர்லாந்திலிருந்து எழுதினால் 8238. தொலைபேசிக்கும் இரு நாட்டு எண்கள் உண்டு. வாகனங்களுக்கு இந்த ஒரே ஊருக்கென்று ‘பியூஸ்’ என்னும் மூன்றெழுத்துப் பதிவுக்குறி வழங்கப்பட்டிருக்கிறது. சில நூறு வாகனங்கள் மட்டுமே அதைத் தாங்கியிருப்பதால் ஜெர்மனியின் அரிய பதிவுக்குறிகளில் அதுவும் ஒன்று. சுவிஸ் சுங்கத்தார் அந்த வண்டிகளை வெளிநாட்டு வண்டிகளாகக் கருதக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஊரின் கால்பந்துக் கழகம் விளையாடுவதும் சுவிஸ் தொடரில்தான். அப்படி விளையாடும் ஜெர்மன் கழகம் வேறில்லை.

ஊருக்குச் சற்று வெளியே மேட்டின்மீது புனித மிக்கேலின் பெயரால் ஒரு பழைய தேவாலயம் தனித்து நிற்கிறது. ஷாஃப்ஹவுசன் நகரம் தோன்றுவதற்கு முன்பே வழிபாடு நடந்த இடம் என்றும், அந்நகரத்துக்கே இதுதான் தாய்க்கோயில் என்றும் ஊரார் பெருமையோடு சொல்வார்கள்.

ஏட்டுச்சுவடி (பதிவு 3)

எல்லைக்கல் எழுப்பிய ஐயம் நியாயமானது. 1693ஆம் ஆண்டு நிகழ்வு உண்மையில் நடந்ததுதான். ஆனால் அது காரணத்தின் ஒரு பகுதி மட்டுமே. முழுக் காரணத்தைப் புரிந்துகொள்ள, இன்றைய பொருளில் ‘நாடு’, ‘எல்லை’ என்ற சொற்களைச் சிறிது நேரம் மறந்துவிட வேண்டும்.

பியூசிங்கனின் பெயர் ஆவணங்களில் முதன்முதலில் காணப்படுவது 1090இல். ஷாஃப்ஹவுசனில் 1049ஆம் ஆண்டு நெல்லன்பர்க் குடும்பத்தாரால் நிறுவப்பட்ட அனைத்துப் புனிதர் மடத்தோடு தொடர்புடைய ஊராக அது தோன்றுகிறது. அந்தக் காலத்தில் ஓர் ஊரின்மீது ஒருவருக்கே முழு உரிமை இருந்ததில்லை. நிலவாரம் ஒருவருக்கு, தேவாலயத்துக்கென விளைச்சலில் வாங்கும் பத்திலொரு பங்கு வேறொருவருக்கு, சிறு வழக்குகளை விசாரிக்கும் கீழ் நீதி உரிமை மற்றொருவருக்கு, உயிர்த்தண்டனை விதிக்கும் உயர் நீதி உரிமை இன்னொருவருக்கு என்று பல கைகளில் பிரிந்துகிடந்தது. பியூசிங்கனைப் பொறுத்தவரை உயர் நீதி உரிமை நெல்லன்பர்க் சீமைக்கு உரியதாக இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் அந்தச் சீமை ஹாப்ஸ்பர்க் குலத்தாரிடம், அதாவது ஆஸ்திரியாவிடம் போய்ச்சேர்ந்தது. கீழ் நீதி உரிமையை வைத்திருந்தவர்கள் ஷாஃப்ஹவுசன் நகரத்துப் பெருங்குடியினரான இம் தூர்ன் குடும்பத்தார்.

இதற்கிடையில் ஷாஃப்ஹவுசன் 1501இல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1529இல் சீர்திருத்தத் திருச்சபையைத் தழுவியது. பியூசிங்கன் மக்களும் சீர்திருத்தச் சபையினரே ஆனார்கள். ஆக, மதத்தாலும் பேச்சாலும் சந்தையாலும் ஷாஃப்ஹவுசனைச் சார்ந்த ஊர், கொலைக்குற்ற விசாரணைக்கு மட்டும் கத்தோலிக்க ஆஸ்திரியாவைச் சார்ந்திருந்தது. இப்படிப்பட்ட இரட்டைநிலை அந்த வட்டாரத்தில் இந்த ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. சுற்றியிருந்த பல ஊர்களின் நிலைமையும் இதுவே. மற்ற ஊர்களில் இந்த முடிச்சு அவிழ்ந்தும் இங்கே மட்டும் அவிழாமல் போனது ஏன் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எல்லைக்கல் (பதிவு 4)

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் என் ஐயம் இன்னும் கூர்மையாகிறது. ரைய்யட் என்று அழைக்கப்படும் ஷாஃப்ஹவுசனின் வடகிழக்கு மேட்டு ஊர்களின்மீது தனக்கிருந்த மேலாட்சியை ஆஸ்திரியா 1723இல் அந்நகரத்துக்கே விற்றது. 1770இல் ராம்சன், டோர்ஃப்லிங்கன் ஆகிய ஊர்களின் உரிமையையும் பணத்துக்குக் கைமாற்றியது. இரண்டு முறையும் பியூசிங்கன் மட்டும் விற்பனையில் சேர்க்கப்படவில்லை. விற்கும் மனம் இருந்த ஆஸ்திரியா இந்த ஊரை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டது என்றால், 1693இன் சினம்தான் காரணம் என்ற பழைய கதைக்கே வலுச்சேர்கிறது அல்லவா?

ஏட்டுச்சுவடி (பதிவு 5)

ஓரளவு வலுச்சேர்கிறது என்பதை மறுக்க மாட்டேன். இம் தூர்ன் விவகாரத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

எபர்ஹார்ட் இம் தூர்ன் கடத்தப்பட்டதில் குடும்பப் பிணக்கும் மதச்சந்தேகமும் பின்னிக்கிடந்தன. அவர் கத்தோலிக்கப் பக்கம் சாய்கிறார் என்ற பேச்சு உறவினர்களுக்கு நல்ல ஆயுதமாக அமைந்தது. ஆனால் வியன்னாவின் பார்வையில் இது ஒரு குடும்பச் சண்டையாகத் தோன்றவில்லை. ஆஸ்திரியாவின் உயர் நீதி எல்லைக்குள் வாழும் ஒருவரை, அந்த உரிமை சிறிதும் இல்லாத ஒரு நகரம் தூக்கிச்சென்று தண்டித்திருக்கிறது; இதைப் பொறுத்துக்கொண்டால் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். நெருக்குதல்கள் தொடர்ந்து, ஆறு ஆண்டுகள் கழித்து 1699இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். ஆகவே 1723இல் ரைய்யட் ஊர்களை விற்றபோது பியூசிங்கனை விலக்கிவைத்ததில் அந்தக் கசப்புக்குப் பங்கு உண்டு.

1770ஆம் ஆண்டு விற்பனையைப் பற்றி நான் வேறு விதமாக நினைக்கிறேன். அன்று வாங்கியது ஷாஃப்ஹவுசன் அல்ல, சூரிச். ஷாஃப்ஹவுசனைத் தண்டிக்கும் நோக்கம் ஒன்றே இருந்திருந்தால், பியூசிங்கனையும் சேர்த்துச் சூரிச்சுக்கு விற்றிருந்தாலே போதும்; பக்கத்திலிருந்த நகரத்துக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் இருந்திருக்க முடியாது. அப்படிச் செய்யாததற்குச் சினத்தைக் காட்டிலும் பிடிவாதமான ஒரு கணக்கே காரணம் என்று எனக்குப் படுகிறது: ரைன் கரையில் ஒரு காலடி நிலமாவது கையில் இருக்கட்டும் என்ற எண்ணம். இது என் ஊகமே. கதை சொல்வோர் விரும்பும் அளவுக்குச் சுவையானதன்று.

டோர்ஃப்லிங்கன் கைமாறியதன் விளைவைப் பற்றிக் கதைகள் அதிகம் பேசுவதில்லை. அதுவரை ஆஸ்திரியாவின் மற்ற நிலங்களோடு பியூசிங்கனை இணைத்திருந்த பாலம் அந்த ஊர்தான். பாலத்தை விற்றுவிட்டு அக்கரையை வைத்துக்கொண்டார்கள். பியூசிங்கன் நிலத்தீவாக மாறியது 1770இல், 1693இல் அல்ல.

வான்மழை (பதிவு 6)

தாமதமாக இழையில் சேர்கிறேன். நெப்போலியன் காலத்தில் ஜெர்மன் நிலங்களில் நூற்றுக்கணக்கான சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டு எல்லைகள் நேராக்கப்பட்டன என்று படித்திருக்கிறேன். அப்போதே இந்த ஊரைச் சுவிட்சர்லாந்தோடு சேர்த்திருக்கலாமே? அவ்வளவு பெரிய துடைப்பத்துக்கு இந்தத் தூசி மட்டும் எப்படித் தப்பியது?

ஏட்டுச்சுவடி (பதிவு 7)

அந்தத் துடைப்பம் ஜெர்மன் அரசுகளுக்கு இடையிலான எல்லைகளைத்தான் பெருக்கியது. 1805ஆம் ஆண்டு பிரெஸ்பர்க் உடன்படிக்கையின்படி ஆஸ்திரியா தன் தென்மேற்கு நிலங்களை இழந்தபோது, நெல்லன்பர்க் சீமையோடு சேர்ந்து பியூசிங்கனும் வூர்ட்டம்பெர்க்குக்குப் போனது. ஐந்து ஆண்டுகளில், 1810இல், வூர்ட்டம்பெர்க்கும் பாடனும் தங்களுக்குள் எல்லையைத் திருத்திக்கொண்டபோது அது பாடன் பெருங்கோமகனின் கைக்கு வந்தது. ஊரை யாரும் தனியாகக் கேட்கவும் இல்லை, தனியாகக் கொடுக்கவும் இல்லை. பெரிய மூட்டையின் அடியில் சிக்கிய சிறு பொருளைப்போல ஒவ்வொரு முறையும் மூட்டையோடு கைமாறியது. 1871இல் பாடன் ஜெர்மன் பேரரசில் இணைந்தபோது பியூசிங்கனும் ஜெர்மன் ஊரானது.

இடையில் 1849இல் இந்த ஊரால் ஒரு போரே மூண்டிருக்கக்கூடும். பாடனில் எழுந்த புரட்சியை அடக்க வந்த ஜெர்மன் படைகளுள் ஒன்றான ஹெஸன் படைப்பிரிவு, ஜூலை மாதத்தில் கொன்ஸ்டான்ஸிலிருந்து நீராவிக் கப்பலில் ஏறி, ரைன் வழியாகச் சுவிஸ் ஊர்களைக் கடந்து பியூசிங்கனில் இறங்கியது. படையாட்கள் இருநூறு பேர்கூட இல்லை. ஆயினும் அவர்கள் அனுமதி பெறாமல் சுவிஸ் நிலத்தின் ஊடே ஆயுதங்களுடன் வந்துவிட்டார்கள். புதிய கூட்டாட்சி அமைந்து ஓராண்டுகூட நிறையாத சுவிட்சர்லாந்து, தளபதி துஃபூரின் தலைமையில் பெரும்படையைத் திரட்டி ஊரைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே இருந்தவர்களுக்குத் திரும்பிப்போகவும் வழியில்லாமல் போயிற்று. பேச்சுவார்த்தைக்குப் பின் மாத இறுதியில் அவர்கள் வந்த வழியே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை (பதிவு 8)

ஏட்டுச்சுவடி ஐயாவின் விளக்கம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் பொருந்துகிறது. ஆனால் ஊர் இன்றும் ஜெர்மனியில் இருப்பதற்கு ஆஸ்திரியாவையும் நெப்போலியனையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு 1918இல் ஊரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 96 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்தோடு இணைய வேண்டும் என்றார்கள். இவ்வளவு தெளிவான தீர்ப்பு கிடைத்தும் எதுவும் நடக்கவில்லை. நிலத்துக்கு நிலம் என்ற பரிமாற்றம்தான் அக்கால வழக்கம். பியூசிங்கனுக்கு ஈடாகத் தருவதற்கு ஏற்ற நிலத்தைச் சுவிட்சர்லாந்து முன்வைக்கவில்லை. தன் எல்லைக்குள் இருக்கும் எந்த ஊரைத் தருவது, அந்த ஊர் மக்கள் எப்படிச் சம்மதிப்பார்கள் என்று யோசித்தால் அது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பேச்சுவார்த்தைகள் மீண்டும் தொடங்கின. 1964 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் 1967 அக்டோபர் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. பியூசிங்கன் அரசியல் முறையில் ஜெர்மனியில் நீடிக்கும், பொருளாதார முறையில் சுவிஸ் சுங்க எல்லைக்குள் இருக்கும் என்பதே அதன் சாரம். ஊரை மாற்ற முடியாததால் சுங்கத்தை மாற்றினார்கள் என்று சொல்லலாம்.

அதே நாளில் வெரனாஹோஃப் என்ற மற்றொரு ஜெர்மன் தனித்துண்டு நிலம் ஓசையில்லாமல் மறைந்தது. மூன்று வீடுகளும் ஏறத்தாழ 43 ஹெக்டேர் நிலமும் கொண்டிருந்த அதைச் சுவிட்சர்லாந்து எடுத்துக்கொண்டு, அதே அளவு நிலத்தை வேறிடத்தில் ஜெர்மனிக்குத் தந்தது. அங்கே வாழ்ந்த ஜெர்மானியர் பதினொரு பேர். பதினொரு பேருக்கு எளிதாக முடிந்தது ஓர் ஊராட்சிக்கு முடியவில்லை.

ரைன்கரை (பதிவு 9)

போர்க்காலத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப்போரின்போது நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தால் சூழப்பட்ட இந்த ஜெர்மன் ஊரின் இளைஞர்களும் ஜெர்மன் படையில் பணிபுரிந்தார்கள். விடுப்பில் வீடு திரும்பும் படைவீரர், எல்லையோர ஜெர்மன் ஊரான கைலிங்கனின் சுங்கச் சாவடியில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அங்கே சுவிஸ் எல்லைக் காவலர்கள் நீண்ட மேலங்கி ஒன்றைக் கொடுப்பார்கள். சீருடை வெளியே தெரியாதபடி அதைப் போர்த்திக்கொண்டு, டோர்ஃப்லிங்கன் வழியாக நடந்து ஊருக்குள் போய்ச்சேர வேண்டும். வேற்று நாட்டுப் படைவீரர் சீருடையோடு நடுநிலை நிலத்தில் நடமாடக்கூடாது என்ற விதியை மீறாமல், ஒரு மகனைத் தாயிடம் அனுப்பிவைக்க ஒரு மேலங்கி போதுமானதாக இருந்திருக்கிறது. இந்த இழையில் இதுவரை வந்த உடன்படிக்கைகள் எல்லாவற்றையும்விட இந்த மேலங்கியே என் மனத்தில் நிற்கிறது.

ரைனின் வடகரையில் சுவிஸ் நிலம் இருப்பது வானத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது என்பதற்குப் பக்கத்து நகரமே சான்று. 1944 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க விமானங்கள் ஜெர்மன் நகரம் என்று தவறாக எண்ணி ஷாஃப்ஹவுசன்மீது குண்டு வீசியதில் 40 பேர் இறந்தார்கள். ஆறுதான் எல்லை என்று நம்புகிறவர்கள் இந்த வட்டாரத்தில் தவறுவது எளிது.

வான்மழை (பதிவு 10)

மேற்கோள்: "ஊரை மாற்ற முடியாததால் சுங்கத்தை மாற்றினார்கள் என்று சொல்லலாம்."

கணக்குப்பிள்ளை அண்ணா, இதை நடைமுறையில் சற்று விளக்குங்கள். இரண்டு நாடுகளின் நன்மைகளும் கிடைக்கும் ஊர் என்றால் அங்கே குடியேற மக்கள் வரிசையில் நிற்க வேண்டுமே?

கணக்குப்பிள்ளை (பதிவு 11)

வரிசையில் நிற்பதில்லை, தம்பி; வேலை பார்க்கும் வயதினர் பலருக்கு இங்கே கணக்கு உதைக்கிறது.

பியூசிங்கன் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாட்டைச் சேர்ந்த ஊராக இருந்தாலும், ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கும் மதிப்புக் கூட்டு வரி எல்லைக்கும் வெளியே இருக்கிறது. கடையில் விதிக்கப்படுவது சுவிஸ் மதிப்புக் கூட்டு வரி. 2024 முதல் அதன் பொது விகிதம் 8.1 விழுக்காடு, ஜெர்மனியில் 19. இதை மட்டும் பார்த்தால் ஆதாயம் என்று தோன்றும். ஆனால் விலைவாசி சுவிஸ் விலைவாசி. சட்டப்படி நாணயம் யூரோவாக இருந்தாலும், அன்றாடம் கைமாறுவது பெரும்பாலும் ஃபிராங்க். ஜெர்மனியிலிருந்து இணையவழியில் ஒரு பொருளை வரவழைத்தால் அது ஏற்றுமதிப் பொருளாகச் சுங்கத்தைத் தாண்டி வர வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சி, எல்லைக்கு அப்பால் ஏதேனும் ஒரு ஜெர்மன் ஊரின் முகவரிக்கு அனுப்பச்சொல்லி, நேரில் போய் எடுத்துவருபவர்கள் உண்டு.

வருமான வரியோ ஜெர்மன் வருமான வரி. பக்கத்து ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில் செலுத்துவதைவிட அது அதிகம். ஊரில் பலர் சுவிட்சர்லாந்தில் வேலை செய்து ஃபிராங்கில் சம்பளம் வாங்குகிறார்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் நடுவண் வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற வரம்பைக் கைவிட்டதும் ஃபிராங்கின் மதிப்பு ஒரே நாளில் தாவியது. சம்பளம் ஒரு காசும் உயராமலேயே, யூரோக் கணக்கில் வருமானம் கூடியதாக வரித்துறை கொள்ளும்; வருமானம் கூடக்கூட விகிதமும் உயர்வது ஜெர்மன் வரிமுறை. செலவோ அதே ஃபிராங்கில்தான். வாழ்க்கைச் செலவை ஈடுசெய்ய ஊர்மக்களுக்கென ஒரு தனி வரிச்சலுகை இருக்கிறது என்றாலும், அது போதாது என்ற குறை நெடுநாளாக உண்டு. இளம் குடும்பங்கள் சில நூறு மீட்டர் தள்ளி ஷாஃப்ஹவுசன் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாறாக, ஓய்வூதியத்துக்கு ஜெர்மன் வரி இலகுவாக இருப்பதால் சுவிட்சர்லாந்து முதியோர் சிலர் இங்கே வந்து குடியேறுகிறார்கள். இளையவர் வெளியேற முதியவர் உள்ளே வரும் ஊரின் எதிர்காலத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லைக்கல் (பதிவு 12)

வரியைப் போலவே காவல்துறை ஏற்பாடும் என்னைக் கவர்ந்தது. 1967இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, ஷாஃப்ஹவுசன் மாநிலக் காவலர்கள் பியூசிங்கனுக்குள் வந்து, குறிப்பிட்ட வகைக் குற்றங்களுக்காக ஒருவரைப் பிடித்துச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நுழையக்கூடாது. ஜெர்மன் காவலர்களுக்கும் வரம்பு உண்டு: ஊரின் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர். மேலும், ஊருக்கு வரும் ஜெர்மன் காவலர்கள் குறிக்கப்பட்ட சாலைகளில் மட்டுமே பயணம் செய்ய வேண்டும். வழியில் சுவிஸ் நிலத்தில் அரசதிகாரம் எதையும் செலுத்தக்கூடாது.

1693இல் ஷாஃப்ஹவுசன் தரப்பு செய்ததை நினைத்துப் பாருங்கள். பியூசிங்கனிலிருந்து ஒருவரைப் பிடித்து ஷாஃப்ஹவுசனுக்குக் கொண்டுபோவதற்கு அன்று உரிமை இல்லாததால்தான் பகை மூண்டது. இன்று அதே நகரத்தின் காவலர்கள் பத்துப் பேர் வரை, ஒப்பந்தத்தின் விதியைக் காட்டியே அதைச் செய்ய முடியும்.

ஏட்டுச்சுவடி (பதிவு 13)

அந்த ஒப்பீடு நன்று. ஆனால் நான் முன்பு சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். கீழ் நீதி உரிமை ஒருவருக்கு, உயர் நீதி உரிமை மற்றொருவருக்கு, நிலவாரம் வேறொருவருக்கு என்று பிரிந்திருந்த பழைய முறையைப் புதிய அரசுகள் ஒழித்துவிட்டதாகவே பாடநூல்கள் கூறும். பியூசிங்கனில் குடியுரிமையும் வருமான வரியும் பெர்லினைச் சார்ந்தவை; சுங்கமும் வேளாண் விதிகளும் பெர்னைச் சார்ந்தவை. இதை ஒரு பழைய நெல்லன்பர்க் அதிகாரியிடம் சொன்னால் அவர் சிறிதும் வியப்படைய மாட்டார்.

வான்மழை (பதிவு 14)

இதைப் போன்ற வேறு ஊர்களும் ஐரோப்பாவில் உண்டு அல்லவா? இத்தாலியின் காம்பியோனேயும் சுவிட்சர்லாந்து நிலத்தால் சூழப்பட்டதுதான் என்று படித்தேன். அங்கும் இதே ஏற்பாடா?

கணக்குப்பிள்ளை (பதிவு 15)

லுகானோ ஏரிக்கரையில் இருக்கும் காம்பியோனேயும் நெடுங்காலம் சுவிஸ் சுங்க முறைக்குள்தான் வாழ்ந்தது. ஆனால் 2020 ஜனவரி 1 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது. அங்கே ஏற்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, ஒன்றிய உறுப்பு நாட்டின் நிலமாக இருந்துகொண்டே சுவிஸ் சுங்கத்தை ஏற்றிருக்கும் தனித்துண்டு ஊர் பியூசிங்கன் மட்டுமே. பெல்ஜியத்தின் பார்லே-ஹெர்டாக், நெதர்லாந்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக்கிடப்பது வேறு வகை. அங்கே இரு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருப்பதால் சுங்கச் சிக்கல் எழுவதில்லை.

எல்லைக்கல் (பதிவு 16)

கடைசியாக ஒரு கேள்வி, ரைன்கரை அக்காவுக்கு. 1918இல் 96 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்தை விரும்பினார்கள். 2008 டிசம்பரில் சுவிட்சர்லாந்து ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்த பிறகு எல்லையில் ஆட்களுக்கான சோதனையும் இல்லை. அங்கே வாழ்பவர்களின் அன்றாடத்தில் எந்த நாடு என்ற வேறுபாடு இன்னும் எங்கே எதிர்ப்படுகிறது?

ரைன்கரை (பதிவு 17)

பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆகும்போது, தம்பி. ஊரில் மழலையர் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் இருக்கின்றன. அதற்கு மேல் படிக்கப் பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று பெற்றோரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாஃப்ஹவுசன் பக்கம் அனுப்பினால் நகரப் பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடலாம், பழகும் நண்பர்கள் சுவிஸ் பிள்ளைகளாக இருப்பார்கள். ஜெர்மன் பள்ளிக்கு அனுப்பினால் டோர்ஃப்லிங்கனைக் கடந்து மறுபடியும் ஜெர்மனிக்குள் நுழைய வேண்டும். பாடத்திட்டமும் தேர்வுமுறையும் வேறு, பிற்காலத்தில் எந்த நாட்டில் வேலை தேடுவது எளிது என்பதும் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூத்த மகள் மேற்கே போகும் பேருந்திலும் இளையவன் கிழக்கே போகும் பேருந்திலும் ஏறுகிறார்கள். தெருவின் இரு பக்கமும் எதிரெதிரே இருக்கும் நிறுத்தங்களில் நின்று, பேருந்து வரும்வரை ஒருவரையொருவர் சத்தம்போட்டுக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள்.